பதினொன்றாம் கதவு

எஜீதியோ என் தலை வழியாக மாட்டிவிட்ட சட்டையில், எண் இருக்கவேண்டிய இடத்தில் ஒற்றை எழுத்துதான் இருந்தது. போட்டிக்காரிகளுக்கு எண், எங்களுக்கு எழுத்து. போட்டிக்கு முன்னால் பனிப்பலகையில் பாதை முழுக்க இறங்கி, திருப்பத்துக்குத் திருப்பம் கம்பம் நட்டு வைத்த கதவுகள் ஒழுங்காக நிற்கின்றனவா, பனி தாங்குமா, நேரக்கருவி வேலை செய்கிறதா என்று பார்த்துச் சொல்பவர்களை எங்கள் பள்ளத்தாக்கில் 'வழி திறக்கிறவங்க' என்பார்கள். பெயரென்னவோ பெரிய பெயர்தான். ஆனால் நான் கோட்டைத் தாண்டும்போது கீழே உள்ள பெரிய திரையில் என் பெயரும் வராது, நேரமும் வராது. கருவி சரியாக இருக்கிறதென்று தெரிந்ததும் பொத்தானை அழுத்தி அழித்துவிடுவார்கள். சமுத்திரத்தில் கரைத்த பெருங்காயம். எஜீதியோதான் பாதைக்குப் பொறுப்பு. காலையிலிருந்து அவருக்கு ஒரே பாட்டு. "எண்பது சதவீதம் போதும் சவீனா. ரேஸ் ஓட்டாத. வழிய மட்டும் தெறந்து குடு."

ஒலிம்பிக் எங்கள் மலைக்கு வந்திருந்தது. நான் எட்டு வயதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட அதே சரிவு. ஒரு நாட்டுக்கு நான்கு பெண்கள்தான். இத்தாலியின் பட்டியலில் நான் ஐந்தாவது. ஜனவரியில் நடந்த கடைசித் தேர்வில் நான்காம் இடத்தை நூறில் நான்கு பங்கு வினாடியில் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டவள் இலேனியா. எங்கள் சந்தில் எதிர்வீடு. இருபத்திரண்டு வயது.

அவளும் பெத்ரானா, நானும் பெத்ரானா. எங்கள் ஊரில் மூன்றே குடும்பப் பெயர்கள்தான், அதனால் வீட்டுப் பட்டப்பெயரை வைத்துத்தான் ஆளை அடையாளம் சொல்வோம். நாங்கள் சுண்ணாம்பு வீடு, அவர்கள் மூணுமாட்டு வீடு. வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியுமா? போன வாரம் முழுக்க ரொட்டிக் கடையிலும் தபால் நிலையத்திலும் கண்டவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். பத்திரிகையில் பெத்ரானா என்று பார்த்தோம், பெருமையாக இருக்கிறது என்றார்கள். அது நானில்லை என்று ஒவ்வொருவருக்கும் சொல்லவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு கிழவருக்கு மட்டும் சொல்லவில்லை. நன்றி என்று சொல்லிவிட்டு ரொட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்து அழைக்க எனக்கு வரவில்லை. அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். தேர்வு முடிந்த அன்று அவளே வந்து, "அக்கா, அடுத்த தடவ ஓடிப் பாருங்க, நூறுல நாலு எனக்கில்ல, உங்களுக்கு விழும்" என்று சொல்லி என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். ஜெயித்தவள் அழுகிறாள், தோற்ற நான் முதுகைத் தட்டிக்கொடுக்கிறேன். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாளே என்றுதான் வயிறு எரிந்தது.

இதையும் தாங்கியிருப்பேன். எல்வியோவைத்தான் தாங்க முடியவில்லை. எல்வியோ என் கணவன். தேசிய அணிப் பெண்களின் பலகைகளுக்கு மெழுகு போடுகிறவன். ஏழு வருடம் என் பலகை அவன் பொறுப்பில் இருந்தது. அணியில் என் இடம் போனதும், அதே மேசையில், அதே இஸ்திரியால், அவள் பலகைக்கு மெழுகு உருக்கினான். வேலை அது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வரும்போது அவன் சட்டையில் அடிக்கும் மெழுகு வாசனை இன்னொருத்தியுடைய பலகையின் வாசனை என்று தெரிந்தபிறகு, அதைத் துவைக்கும் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்று யாராவது யோசித்தார்களா?

அவனிடம் ஒரு பழக்கம் உண்டு. எல்லாம் தேய்த்து முடித்து, பலகையைக் கையில் கொடுப்பதற்கு முன், கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் உள்ளங்கையால் மூக்கிலிருந்து வால் வரை ஒருமுறை தடவுவான். மெழுகுக்காரன் யாரும் செய்யமாட்டான், கை வியர்வை பட்டால் மெழுகு கெடும் என்பார்கள். நாங்கள் காதலித்த காலத்தில் ஒருநாள் தெரியாமல் அப்படித் தடவிக் கொடுத்தான், அன்றைக்கு ஜெயித்தேன். அதிலிருந்து என் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் உண்டு. வேறு யாருக்கும் கிடையாது. மற்றபடி சகுனம், குறுக்குவழி எதுவும் அவனிடம் செல்லாது. ஒருமுறை பல்கேரியாவில் பனி மூட்டத்தில் நான் ஒரு கதவைத் தவறவிட்டேன். நடுவர் பார்க்கவில்லை, யாருமே பார்க்கவில்லை. இவன் நேரே போய், என் மனைவி கதவைத் தாண்டவில்லை என்று சொல்லிவிட்டு வந்தான். மூன்றாவது பரிசு போயிற்று. இரண்டு நாள் நான் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள், இப்படி ஒரு யோக்கியன் கிடைத்தானே என்று எனக்கே பெருமையாகப் போயிற்று. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

காலைச் சுற்று முடிந்தது. எங்கள் போட்டியில் பாதை இரண்டு, பக்கத்தில் பக்கத்தில். ஒன்றில் சிவப்புக் கதவுகள், மற்றதில் நீலம். காலையில் எல்லோரும் இரண்டிலும் ஒவ்வொரு முறை இறங்குவார்கள், கூட்டிப் பார்த்து பதினாறு பேரை எடுப்பார்கள். மதியத்திலிருந்து இரண்டிரண்டு பேராக மோதல். முன்னால் போனவள் அடுத்த சுற்றுக்கு, பின்தங்கியவள் வீட்டுக்கு. காலையில் வேகமாக வந்தவளுக்குத்தான் எந்தப் பாதை என்று தேர்ந்தெடுக்கும் உரிமை. இலேனியா இரண்டாவதாக வந்திருந்தாள். முதல் மோதலே அவளுடையது. மூணுமாட்டு வீட்டார் தொழுவத்திலிருந்த மணிகளையெல்லாம் அவிழ்த்துக்கொண்டு வந்து வேலியோரம் நின்று ஆட்டினார்கள். மூன்று மாடுகளுக்கு அத்தனை மணி எங்கிருந்து வந்ததென்று எனக்குத் தெரியவில்லை.

மதியம் வெயில் வந்தது. நீலப்பாதை வெயில் பக்கம். பனி இளகிவிடாமலிருக்க எஜீதியோவின் ஆட்கள் மறுபடி உப்புத் தூவியிருந்தார்கள். உப்பு பட்ட பனி மேலே ஓடு மாதிரி இறுகும், ஆனால் அரைமணி நேரம் கொடுக்கவேண்டும். அதுவரை அடியில் சர்க்கரை மாதிரி உதிர்ந்துதான் கிடக்கும். வழி திறப்பவள் மெல்லப் போனால் அவள் எடையிலேயே அது அழுந்தி இறுகும். பலகையின் விளிம்பை அழுத்தி வெட்டினால் உடையும். இது பள்ளத்தாக்கில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

மோதல் தொடங்குமுன் மறுபடி வழி திறக்க, நீலப்பாதையின் தொடக்கக் கதவில் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இருபதடி தள்ளி எல்வியோ முழங்காலிட்டு இலேனியாவின் பலகையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். குதிரைமுடித் தூரிகை, பிறகு துணி. அவள் பக்கத்தில் குதித்துக் குதித்துக் காலைச் சூடாக்கிக்கொண்டு நின்றாள். அவன் தூரிகையைப் பையில் போட்டான். வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினான். வெறும் உள்ளங்கையை வைத்து, மூக்கிலிருந்து வால் வரை, நிதானமாகத் தடவினான்.

எஜீதியோ என் காதருகே எண்பது சதவீதம் என்று என்னவோ சொன்னார். நான் கம்பிகளைத் தள்ளினேன்.

அதற்குப் பிறகு யோசித்ததாக ஞாபகமில்லை. முதல் கதவிலிருந்தே கம்பத்தை உரசிக்கொண்டு போனேன். முழங்கால், தோள், முகம் எல்லாவற்றிலும் கோபம்தான், அவள்மேல் இருந்ததா அவன்மேல் இருந்ததா என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒன்றாகச் சேர்ந்து பலகையின் விளிம்பில் இறங்கியது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை, சத்தியமாகச் சொல்கிறேன். பதினொன்றாம் கதவு, சரிவு சட்டென்று செங்குத்தாகித் திரும்பும் இடம். எல்லோரும் சற்றுத் தள்ளி எடுக்கும் வளைவை நான் உள்ளே, கம்பத்தின் அடியில் வெட்டினேன். ஓடு உடைந்தது. அப்பம் பிய்வதுபோல் ஒரு துண்டு பெயர்ந்து என் பின்னால் பறந்தது. பலகை ஒரு நொடி காற்றில் நின்றது. எப்படியோ சமாளித்துக் கீழே வந்து சேர்ந்தேன். திரை கறுப்பாகவே இருந்தது.

கோட்டைத் தாண்டியதும் வாக்கி டாக்கியில் எஜீதியோவின் குரல், நீலம் எப்படி என்று. உடைந்ததைச் சொன்னால், எண்பதில் போனவளுக்கு எப்படி உடைந்தது என்ற கேள்வி வரும். ஆனால் அது மட்டும் காரணமில்லை. அடுத்து அந்தப் பாதையில் இறங்கப்போவது யார் என்று எனக்குத் தெரியும். காலை முழுக்க நீலம்தான் வேகம், தேர்ந்தெடுக்கும் உரிமை இருப்பவள் அதைத்தான் கேட்பாள்.

"எல்லாம் சரி" என்றேன்.

நான் சரி என்றதால் மண்வெட்டி வைத்திருந்தவர்கள் ஓரத்திலேயே நின்றுவிட்டார்கள். மேலே போகக் கம்பிநாற்காலியில் ஏறினேன். வடக்கம்பியில் தொங்கியபடி அது நீலப்பாதைக்கு மேலாகத்தான் போகும். பதினொன்றாம் கதவைக் கடக்கும்போது குனிந்து பார்த்தேன். கம்பத்தின் நிழல் விழுந்ததால் பக்கத்தில் நிற்பவர்களுக்குத் தெரியாது, மேலிருந்து பார்க்கிறவளுக்குத் தெரிந்தது. கை கழுவும் தொட்டி அளவுக்குக் குழி. அந்த வேகத்தில் பலகையின் மூக்கு அதில் மாட்டினால் முழங்கால் போகும். என் இடது முழங்காலில் இரண்டு திருகாணிகள் இருக்கின்றன, அதனால் அந்த வலியை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, நான் எப்படிப்பட்ட பெண் என்று எனக்கே நிச்சயமில்லாமல் மேலே போய்ச் சேர்ந்தேன்.

இறங்கியதும் எல்வியோ எதிரில் நின்றான். கழுத்தில் வழக்கமான இரண்டு ஸ்டாப் வாட்சுகள். அணிக்காரர்கள் வழி திறந்தவளிடம் கேட்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான்.

"நீலமா, செவப்பா?"

நீலம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் என்னைக் குறை சொல்லமாட்டார்கள். பனி, வெயில், துரதிர்ஷ்டம் என்று பேசிவிட்டுக் கலைந்துபோவார்கள். நாக்கு நுனிவரை வந்தது. இலேனியா அந்தப் பக்கம் தலைக்கவசத்தின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். சுண்ணாம்பு வீட்டுக்காரங்க வழி தெறந்தா நேராத்தான் இருக்கும் என்று யாரிடமோ சொன்னாள். கிண்டல்கூட நல்ல கிண்டல்.

"நீலத்துல பதினொண்ணு ஒடஞ்சிருக்கு" என்றேன்.

"எல்லாம் சரின்னியே. நானும் கேட்டுட்டுதான இருந்தேன்."

"பொய் சொன்னேன். நாந்தான் ஒடச்சேன்."

அவன் திட்டவில்லை. பனியின் சூடு பார்த்து மெழுகு தேர்ந்தெடுக்கும்போது கண்ணைச் சுருக்குவானே, அப்படிச் சுருக்கினான். எவ்வளவு ஆழம் என்றான். ஒரு சாண் என்றேன். கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம்? ஒரு முழம். அதுக்கு வெளியே பனி எப்படி? கல்லு மாதிரி இருக்கு, நாலு பேர் போனாலும் தாங்கும். பத்தாம் கதவில் சீக்கிரம் திரும்பினால் வெளியே எடுக்க முடியுமா? முடியும், வேகம் அவ்வளவாகக் குறையாது, மற்றபடி நீலம் இன்னும் சிவப்பைவிட நல்ல வேகம். அவன் கேட்கக் கேட்க நான் சொல்லிக்கொண்டே போனேன். ஏழு வருடம் ஒவ்வொரு போட்டிக்கு முன்னாலும் நாங்கள் இப்படித்தான் தலையோடு தலை வைத்துப் பேசியிருக்கிறோம். ஒரு நிமிடம், போட்டியில் நானே இறங்கப்போகிறேன் என்றே நினைத்துவிட்டேன். வெட்கத்தை விட்டுச் சொன்னால், அந்த ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு அவன் குரலைத் தாழ்த்தினான்.

"எஜீதியோகிட்ட இப்ப சொல்லாத. அவ போய் முடிச்சிரட்டும்."

சொல்லிவிட்டு அவளிடம் போய்விட்டான். குனிந்து, அவள் தலைக்கவசத்தோடு ஒட்டி, விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினான். அவள் தலையாட்டினாள்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். குழியை மூடிவிட்டால் பாதை எல்லோருக்கும் ஒன்றுதான். மூடாமல் விட்டால் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவளுக்கு நஷ்டமில்லை. போட்டியை நிறுத்திப் பழுது பார்க்கும் பத்து நிமிடத்தில் அவள் உடம்பு ஆறிவிடும், அவள் பலகையில் அவன் போட்ட மெழுகு வெயிலில் குணம் மாறிவிடும். கணக்கு சரிதான். ஆனால் பல்கேரியாவில் பனி மூட்டத்தில் யாரும் பார்க்காத கதவை நடுவரிடம் போய்ச் சொன்னவன் இவன்தானே? எனக்காக ஒருநாளும், ஒரு சின்ன வாயசைப்பில்கூட, விதியை வளைக்காதவன் இவன்தானே? அந்த உள்ளங்கையை அவளுக்குக் கொடுத்ததுகூடப் பெரிதில்லை என்று அப்போது தோன்றியது. எனக்குக் கொடுக்காத ஒன்றையும் சேர்த்து அவளுக்குக் கொடுத்துவிட்டான்.

அவள் நீலத்தில் நின்றாள். சிவப்பில் ஒரு போலந்துக்காரி. கதவு திறந்தது.

என் உதடு அசைந்துகொண்டிருந்தது. விழாதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்றுதான் நினைத்தேன். இடையிடையே விழு என்றும் அதே உதடுதான் சொன்னது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஏழாம் கதவு, எட்டு. போலந்துக்காரி கொஞ்சம் முன்னால். பத்தாம் கதவில் இலேனியா சீக்கிரம் திரும்பினாள். பதினொன்றில், நான் சொன்ன முழத்துக்கு ஒரு சாண் வெளியே, நான் கல் என்று சொன்ன பனியில், பலகையைப் படுக்க வைத்துச் சுற்றிக்கொண்டு போனாள். நான் மனத்தில் போட்ட அதே கோடு. கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலும் நான் அப்படித்தான் போட்டிருப்பேன். கீழே மாட்டு மணிகள் எழுந்தன. நூறில் ஒன்பது பங்கு வினாடியில் ஜெயித்திருந்தாள். திரையில் பெத்ரானா என்று வந்தது.

எஜீதியோ அதற்குள் கீழே போயிருந்தார், வாக்கி டாக்கியை எடுத்தேன். அடுத்த இருவரும் கதவில் வந்து நின்றுவிட்டார்கள்.

"எஜீதியோ அண்ணே, நிறுத்துங்க. நீலம் பதினொண்ணுல குழி இருக்கு. என் பலகை வெட்டுனது."

எப்போது என்று கேட்டார். வழி திறந்தபோதே என்றேன். ஏன் அப்போது சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை, அவருக்கு என்னைப் பிறந்ததிலிருந்து தெரியும். சட்டையைக் கழற்றிவிட்டுக் கீழே வா என்றார். எல்வியோவின் பெயரை நான் சொல்லவில்லை. அது எதனால் என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அவன்மேல் அன்பு என்றும் சொல்லலாம். அவனுக்காக நான் ஒரு பொய்யை மறைத்தேன், அவன் எனக்காக ஒன்றையும் மறைத்ததில்லை என்று பின்னால் சொல்லிக்காட்ட வைத்துக்கொண்டேன் என்றும் சொல்லலாம்.

எழுத்துச் சட்டையைத் தலை வழியாக உருவினேன். கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நிற்கும்போது அவன் வந்தான். கழுத்திலிருந்து ஒரு வாட்சைக் கழற்றி என்னிடம் நீட்டினான். மெழுகுக்காரர்கள் தொடக்கத்திலிருந்து ஏதாவது ஒரு கதவு வரைக்கும் நேரம் எடுப்பார்கள், எந்த மெழுகு எங்கே ஓடுகிறது என்று பார்க்க. இவன் எப்போதும் பதினொன்றாம் கதவு வரை எடுப்பான். வாட்சில் பதினேழு வினாடி, முப்பத்தொன்று.

"உன்னோடது" என்றான்.

அவன் கழுத்தில் இருந்த மற்ற வாட்சையும் பார்த்தேன். இலேனியாவுடையது. பதினேழு, ஐம்பத்தெட்டு.

இதற்கு மதிப்பில்லை என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆள் படாத பனி, உள்ளே வெட்டிய கோடு, கையால் அழுத்திய நேரம். தெருவில் போகிற யாரிடம் காட்டினாலும் சிரிப்பார்கள். இருந்தாலும் நான் அந்த எண்ணைப் படித்தேன், திரும்பப் படித்தேன்.

"வழி தெறக்கிறவளுக்கு எதுக்கு நேரம் எடுத்த?"

"நீ கௌம்புனப்ப உம் மொகத்தப் பாத்தேன். கை தானா அழுத்திருச்சு."

கேட்காமல் விட்டிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"எனக்காக ஒரு தடவ வாய மூடிட்டு இருந்திருக்கலாம்ல எல்வியோ? பல்கேரியாவுல."

அவன் கம்பிநாற்காலி வரும் பக்கம் பார்த்தான். அடுத்த சுற்றுக்காக இலேனியா மேலே வந்துகொண்டிருந்தாள், பலகையைக் காலில் தொங்கவிட்டபடி, எங்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு. அக்கா, அக்கா என்று கத்துவது இங்கே கேட்டது. பழுது பார்த்து முடிந்தால் ஐந்து நிமிடத்தில் மறுபடி தொடங்கிவிடுவார்கள். அவனுக்கு இரண்டு வாட்சும் வேண்டும், ஒன்று அவளுக்கு, ஒன்று எதிராளிக்கு.

"அழிச்சு ஜீரோ பண்ணிக் குடு" என்று உள்ளங்கையை நீட்டினான்.

கையுறை இல்லை. குளிரில் சிவந்திருந்தது, ரேகைகளில் மெழுகு வெள்ளையாக ஒட்டியிருந்தது. கீழே பதினொன்றாம் கதவில் இரண்டு பேர் என் குழியில் பனியைக் கொட்டிக் காலால் மிதித்துக்கொண்டிருந்தார்கள். நாற்காலி நெருங்கி வந்துகொண்டிருந்தது. அவன் கை அப்படியே நீட்டியபடி இருந்தது. வாட்சின் பொத்தான்மேல் என் கட்டைவிரல் இருந்தது, அதற்குக் கீழே அந்த எண் இன்னும் இருந்தது.